இரண்டு வயது நிறையுமுன்

தற்காலிகம் என்ற சொல்லை எங்களிடம் யாரும் சொல்லக்கூடாது. மன்னார்ப் பக்கமிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கம் துரத்திவிட்டபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. புத்தளம் தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் வந்து இறங்கிய அன்று வாப்பா, இது தற்காலிகம்தான், நோன்புப் பெருநாளைக்கு ஊருக்குப் போய்விடலாம் என்றார். அந்தப் பெருநாளும் போனது, அதற்குப் பிறகு இருபது பெருநாளும் போனது. வாப்பாவை இங்கேதான் அடக்கினோம். கொட்டில் கல்வீடானது. அதே ஒழுங்கையில் நான் கலியாணமும் முடித்தேன். ஆகவே யுத்தம் முடிந்த பிறகு, ஆளில்லாத பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிற நன்னடத்தை அலுவலகத்து மிஸ் ஒரு பெண் குழந்தையை என் கையில் தந்து, இது தற்காலிகம்தான் அக்கா என்று சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எங்களுக்குத் தெரிந்த தற்காலிகத்தில் ஒரு பிள்ளையை வளர்த்துக் கட்டிக்கொடுத்துப் பேரப்பிள்ளையும் பார்த்துவிடலாம்.

எனக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை, ஓதிக் குடிக்காத தண்ணீர் இல்லை. கணவர் லொறி ஓட்டுகிறவர். நுரைச்சோலைப் பக்கத் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். நான் வீட்டில் அபாயா தைப்பேன். எங்களோடு என் மாமி, அவருடைய உம்மா, இருந்தார். மூன்று பெரிய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சோறு தின்கிற வீடு. இல்லங்களில் கிடக்கிற பிள்ளைகளை வீடுகளில் விட்டு வளர்க்க நீதிமன்றம் ஆட்களைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டதும் பேர் கொடுத்தவள் நான்தான். கணவர் சரி என்றார். அவர் எதற்கும் சரி என்கிறவர்தான்.

அந்த மிஸ் உடப்பு என்ற மீன்பிடி ஊரைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, தோளில் பெரிய பை, எந்த நேரமும் ஓட்டம். பிள்ளையின் கதையை அவர்தான் சொன்னார். தாய் புத்தளம் ஆஸ்பத்திரியில் பெற்றிருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மூன்று மாதத்தில் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வீட்டு வேலைக்கு சவூதிக்குப் பறந்துவிட்டாள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி பொறுத்துப் பார்த்து, முடியாமல் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டாள். அப்படியே சிலாபம் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஐந்து மாதம். இவ்வளவுதான் அந்தப் பிள்ளையின் சரித்திரம்.

வந்தபோது அவளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது, ஆறு மாதத்துப் பிள்ளையைப் போலிருந்தாள். இல்லத்துப் பெண்கள் சிங்களத்தில் கொஞ்சியிருப்பார்கள் போல; "துவே", அதாவது மகளே, என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அதெல்லாம் போகட்டும். அவள் அழமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் நான் எழும்பிப் பார்த்தால் எப்போதோ விழித்து, நனைந்த துணியோடு, கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடப்பாள். அழுதாலும் ஆள் வராது என்று அந்தச் சின்ன மண்டைக்கு விளங்கியிருந்தது. ஒருநாள் நான் கடைக்குப் போக வாசல் தாண்டியபோது பின்னால் வீறிட்டுக் கத்தினாள். நான் செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு நானும் அழுதேன். எனக்காக ஒருத்தி அழுதது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து, நான் தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, மாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னார்.

"மகள், இது பொம்புளப் புள்ள. இண்டைக்கு மடியில வெச்சுக் கொஞ்சுறான் என்ட மகன். இவள் பெரிய மனுசியானா அவனுக்கு முன்னால தலையில துணியில்லாம நிக்க ஏலா. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் மார்க்கப்படி அந்நியம். நீ பெத்த புள்ளயும் இல்ல, பால் குடுத்த புள்ளயும் இல்ல. அப்ப என்ன செய்யப் போற?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மாமி சொன்னதில் பிழை இல்லை. எங்கள் ஒழுங்கையிலேயே நடந்திருக்கிறது. ஆசையாய் எடுத்து வளர்த்த பிள்ளை, பருவமடைந்ததும் வளர்த்த வாப்பாவுக்கு முன்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசியில் பெண்கள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. போகும்போது அந்த மனிதர் வீட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றுகொண்டார், பிள்ளையைக் கட்டிப்பிடித்து வழியனுப்பக்கூட முடியாமல்.

கணவரைப் பள்ளிவாசல் மௌலவியிடம் அனுப்பினேன். மௌலவி சொன்னது இதுதான்: பிள்ளைக்கு இரண்டு வயது நிறையுமுன் ஐந்து தடவை வயிறாரப் பால் கொடுத்தால் அவள் உங்கள் பால் மகள், கொடுத்தவளின் புருஷன் அவளுக்கு அந்நியன் இல்லை, காலம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கலாம். இரண்டு வயது தாண்டிவிட்டால் குடம் குடமாகக் கொடுத்தாலும் பலன் இல்லை.

பெறாதவளிடம் பால் கேட்டால் எங்கே போவது? நான் வெட்கத்தை விட்டு, வீடு வீடாக வருகிற மருத்துவமாதுவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முடியும், ஆனால் நாளெடுக்கும், எல்லோருக்கும் வருவதும் இல்லை என்றார். ஆஸ்பத்திரி டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் குளிசை எழுதித் தந்தார். ஒரு மெல்லிய குழாயை மார்போடு ஒட்டி, மறுமுனையைக் கோப்பைப் பாலுக்குள் விட்டு, பிள்ளையைச் சப்பவிடச் சொன்னார்கள். அவள் சப்பச் சப்ப உடம்புக்கு நினைவு வருமாம். என் உடம்புக்கு நினைக்க என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பிறகு தொடங்கியது சமையல். ஒழுங்கை முழுக்க என் மார்பைப் பற்றித்தான் கதை. ஒருத்தி உள்ளியை அப்படியே முழுப்பல்லாகப் போட்டுக் கறி வைத்துக் கொண்டுவருவாள். ஒருத்தி வெந்தயக் கஞ்சி. ஒருத்தி பிள்ளைப்பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறி. முருங்கை இலையைத் தின்று தின்று எனக்கு ஆடாகிவிட்டேனோ என்றிருந்தது. உடப்பு மிஸ் மாதம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்க வருவார். ஒரு தடவை பைக்குள்ளிருந்து வாழையிலையில் சுற்றிய பால்சுறாவை எடுத்து மேசையில் வைத்தார். தங்களுடைய ஊரில் பெற்ற பெண்களுக்கு இதைத்தான் வறை செய்து கொடுப்பார்களாம், காலையில் வள்ளம் வந்ததும் வாங்கினாராம். உத்தியோகத்தராக இதை நான் செய்யக்கூடாது அக்கா என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மஞ்சள் எவ்வளவு போடவேண்டும் என்றும் சொல்லித்தந்தார்.

ஒன்றும் வரவில்லை. மாதங்கள் போயின. பிள்ளை குழாயைக் கடித்து இழுப்பாள், முகத்தைத் திருப்புவாள், பல் முளைத்ததும் என்னையும் கடித்தாள். புண்ணாகி, இரத்தம் கசிந்து, சட்டை பட்டாலே உயிர் போகும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பெறாத வயிற்றுக்காரிக்குப் பால் எப்படி வரும் என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். மூளை இல்லாத தலைக்கு நாக்கு மட்டும் வந்த மாதிரித்தான் என்று நானும் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னேன். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. சொன்னதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

ஆனால் என்னை உண்மையாகவே உடைத்தது கணவர்தான். முன்பெல்லாம் லொறியை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும் பிள்ளையைத் தூக்கி ஆகாயத்தில் எறிந்து பிடிப்பார். பிறகு பிறகு மடியில் வைப்பது குறைந்தது. முத்தம் குறைந்தது. அவள் தவழ்ந்துபோய்க் காலைப் பிடித்தால் தலையைத் தடவிவிட்டு, வேலை இருப்பதுபோல் எழும்பிவிடுவார். மனுஷன் பழகிக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கியது. பின்னால் வரப்போகிறதை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொள்கிறார். அவள் அவரைப் பார்த்து வாப்பா என்று முதன்முதல் சொன்னபோதும் அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மாமி பிறையை வைத்துக் கணக்குப் பார்க்கிறவர். இங்கிலீசு மாதப்படி எனக்கு இன்னும் நாள் இருந்தது. மாமியோ, மார்க்கத்துக்குப் பிறைக் கணக்குத்தான், இரண்டு வருஷத்துக்கு இருபது நாளுக்கு மேல் குறையும், நீ சுவரில் மாட்டியிருக்கிற கலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே என்றார். அன்றிலிருந்து பிறை கண்டால் எல்லோரும் கையேந்தித் துஆக் கேட்பார்கள், நான் விரலை மடித்து நாளை எண்ணுவேன்.

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கிணற்றடியில் துணி கழுவிக்கொண்டிருந்தேன். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்ததாக்கும் என்று இருந்துவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்த பிறகும் நனைந்துகொண்டே இருந்தது. மாமியைக் கூப்பிட்டேன். மாமி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறைக் கணக்கில் ஒரு மாதம்கூட மீதி இல்லை.

அதன் பிறகு மாமி பரீட்சை மண்டபத்து மேற்பார்வையாளர் மாதிரி ஆகிவிட்டார். குழாய் கூடாது, கோப்பை கூடாது. பிள்ளை தானாகக் குடித்து, தானாக விடவேண்டும். நான் இடையில் விலக்கினால் கணக்கில் வராது. சாட்சிக்குப் பெண்கள் வேண்டும் என்று ஒழுங்கைக்குள் ஆள் அனுப்பினார். வந்தவர்களில் வேலிக்காரியும் இருந்தாள். வந்து என் காலடியில் உட்கார்ந்து, பிள்ளை குடிப்பதைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள். அவளுக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். இரண்டாம் நாள் முடியுமுன் ஐந்து வயிறும் நிறைந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் எனக்கு இல்லை, பின்னும் இல்லை.

கணவர் கொழும்பிலிருந்து வந்தபோது மாமிதான் வாசலிலேயே சொன்னார். அவர் செருப்பைக் கழற்றி, முகம் கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கினார். அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சாக இருந்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சந்திக்கடை வரைக்கும் போய்ச் சீனி முட்டாசு வாங்கிக் கொடுத்தார். போகிற வழியில் எல்லாருக்கும் என்ட மகள் என்ட மகள் என்று சொன்னாராம்.

அந்த நிம்மதியில்தான் நான் பெரிய பிழையை விட்டேன். பால் கொடுத்தாயிற்று, இனி உலகத்தில் யாரும் அவளை அசைக்க முடியாது என்று நினைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து உடப்பு மிஸ் வந்தார். கதிரையில் உட்காரவே இல்லை. சவூதியில் தாய் இருக்கிற இடம் தெரிந்துவிட்டதாம். வேலை செய்த வீட்டில் ஏதோ வழக்கில் மாட்டியிருக்கிறாள், இப்போதைக்கு வரமுடியாது. பிள்ளையைத் தன் ராத்தாவிடம், அதாவது மூத்த சகோதரியிடம், ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறாள். அந்த ராத்தாவின் குடும்பம் இங்கே புத்தளத்து முகாமில் இருந்துவிட்டு, யுத்தம் முடிந்ததும் மன்னார்ப் பக்கம் திரும்பிப்போய்க் காடு வெட்டிக் குடியேறியிருக்கிறது. இரத்த உறவு ஒன்று கேட்டு வந்தால் அதற்குத்தான் முதலிடம், அதுதான் சட்டம்.

நான் பயப்படவே இல்லை. அவள் என் பால் மகள், அல்லாஹ் கொடுத்த உறவு, கோர்ட்டுக்கு வந்து நானே சொல்கிறேன் என்றேன். மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு விளங்குது அக்கா. கோர்ட்டுக்கு அது விளங்காது."

விளங்கவைக்கிறேன் என்று கிளம்பினேன். மாமி, பால் கொடுத்ததைப் பார்த்த பெண்கள், வேலிக்காரி உட்பட, எல்லோருமாக ஒரு வேனில் போனோம். கலியாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தது. உள்ளே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்க்கிற தம்பிக்கு மீசை இப்போதுதான் முளைத்திருந்தது. நான் ஐந்து வயிறையும் சாட்சிகளையும் பற்றிச் சொல்லச் சொல்ல அவன் காது சிவந்துபோய், ஏதோ இரண்டு வசனத்தில் முடித்துவிட்டான். நீதவான் ஒரு அம்மா. நல்ல மனுஷி. என்னை நிமிர்ந்து பார்த்து, பிள்ளை இன்னும் பால் குடிக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஏதோ எழுதினார். பிள்ளையை மிக நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள், பால் மறக்கடிப்பதற்கு உங்களுக்கு ஒரு கிழமை, ஏழு நாள், தருகிறேன், அதன் பிறகு பெரியம்மாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று அந்தத் தம்பி தமிழில் சொன்னான்.

நான் என்ன பாடுபட்டு வரவழைத்த பால். அவளை என் வீட்டில் வைத்திருப்பதற்கென்றே வந்த பால். அது மறக்கடிக்க வேண்டிய பழக்கமாகப் போய்விட்டது. எழுந்து கத்தவேண்டும்போல் இருந்தது. மாமி என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வேப்பிலையை அரைத்துப் பூசு, இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்றார்கள். மாமி அரைத்தும் வைத்தார். நான் பூசவில்லை. கசப்பு அவளுக்கு வரத்தான் போகிறது, அதை நானே என் கையால் ஏன் பூசவேண்டும்? அந்தக் கிழமை முழுக்க அவள் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். தையல் ஒன்றும் எடுக்கவில்லை. கணவர் லொறியை எடுக்கவில்லை. ஒப்படைக்கிற நாள் காலையில் அவர் அவளுக்குச் சப்பாத்து மாட்டிவிட்டார், கழற்றினார், திரும்பவும் மாட்டிவிட்டார். அலுவலகத்துக்கு உள்ளே வரமாட்டேன் என்று சொல்லி வாசலில் நின்றுவிட்டார்.

கோர்ட்டில் நான் திரும்பியும் பார்க்காத அந்தப் பெரியம்மாக்காரியை வெறுப்பதற்குத் தயாராகப் போயிருந்தேன். வெயிலில் கருகிய மெலிந்த பெண். அபாயாவின் ஓரம் நரைத்து, நூல் பிரிந்திருந்தது. என் கண் முதலில் போனது அந்தத் தையலுக்குத்தான். விடியப் புறப்பட்டு பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். குற்றம் கண்டுபிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல். எங்களைத் துரத்திவிட்ட அதே மன்னாருக்குத்தான் என் பிள்ளை போகிறாள், நான் போகவில்லை. மிஸ் உத்தரவை வாசித்தார், இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். என்ன தின்பாள், எப்படித் தூங்குவாள், காலையில் விழித்தால் உடனே தூக்கவேண்டும், கிடக்கவிடக்கூடாது என்று நான் அதிகாரமாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

பிள்ளையைக் கொடுத்தேன். அவள் திரும்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் கையை விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். இதோடு முடிந்தது, இனி இந்தப் பிள்ளைக்கும் எனக்கும் ஒன்றுமில்லை, நான் ஆரோ ஒரு வளர்ப்புக்காரி என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பினேன்.

"ராத்தா, கொஞ்சம் நில்லுங்க," என்றாள் அந்தப் பெண். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் பின்னால் வந்தாள். "கோர்ட்டில நீங்க சென்னதக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன். ஒண்டு கேக்கோணும். நாளைக்கு இவளுக்குக் கலியாணம் பேசக்குள்ள பால் முறை பாக்காமக் குடுக்க ஏலாதே. உங்கட பாலைக் குடிச்சவங்கள் எல்லாம் இவளுக்குக் கூடப்பொறப்பு, கலியாணம் முடிக்க ஏலா. இவள்ட உம்மா நீங்க, உங்கட்டத்தானே நான் கேக்கோணும். வேற ஆருக்கெல்லாம் பால் குடுத்தீங்க?"

மிஸ் பக்கத்தில் நின்றார். என் கணவர் வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை நனையத் தொடங்கியிருந்தது. நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"வேற ஒருத்தருக்குமில்ல," என்றேன். "இவளுக்கு மட்டுந்தான்."